தூண்கள் நெருங்கி நிற்பது ஏன்? கட்டடக்கலை வரலாறு கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதுரையிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கட்டடக்கலைக் கல்லூரிகளின் பாடக்குழு உறுப்பினர்களுக்கும், அக்கல்லூரிகளில் கட்டடக்கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும்,

வணக்கம்.

நான் கட்டடப் பொறியாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன். என் தந்தையார் செல்லூரில் கொத்தனாராக இருந்தவர். சுண்ணாம்புக் காரை அரைக்கும் செக்கைச் சுற்றி விளையாடி வளர்ந்த எனக்குக் கட்டடங்களின் மேல் உள்ள பற்று படிப்பினால் வந்தது அன்று. அந்தப் பற்றின் உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

கடந்த பொங்கல் விடுமுறைக்கு என் தம்பி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். கட்டடக்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளை மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, "இத்தனை தூண்களை ஏன் இவ்வளவு நெருக்கமாக நிறுத்தினார்கள்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றாள். பிறகு கிரேக்கத் தூண்களில் டோரிக், அயோனிக், கொரிந்தியன் ஆகிய மூன்று வகைகளின் அடியும் தலையும் எப்படி இருக்கும் என்று ஒரு பிழையும் இல்லாமல் சொன்னாள். எதிரே இருந்த தூணின் தலையைக் காட்டி, "இதன் பெயர் என்ன?" என்றேன். போதிகை என்ற சொல்லை அவள் கேள்விப்பட்டதே இல்லை. "பெரியப்பா, இதெல்லாம் தேர்வுக்கு வராது" என்றாள். அவள் கெட்டிக்காரப் பெண். குறை அவளுடையது அன்று. அவள் பாட ஏட்டை அன்றிரவு முழுவதும் புரட்டிப் பார்த்தேன். எகிப்து, கிரேக்கம், ரோம், கோதிக், மறுமலர்ச்சிக் காலம் என்று பெயர்களும் ஆண்டுகளும் அலங்கார உறுப்புகளும் வரிசையாக இருந்தன. அந்தக் கட்டடம் ஏன் அப்படி நின்றது, எதற்கு அஞ்சி அப்படிக் கட்டினார்கள் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. உலகக் கட்டடக்கலை வரலாற்றைப் பாணிகளின் பட்டியலாகக் கற்பிப்பதை விட்டு, கட்டியவர்கள் எதிர்கொண்ட கேள்விகளின் வரலாறாகக் கற்பியுங்கள். அதை மதுரைத் தெருவிலிருந்து தொடங்குங்கள். உலகம் முழுவதும் கட்டுநர்கள் ஆயிரமாயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவந்த பெரிய கேள்விகளில் பலவற்றுக்கு நம் ஊரில், நடந்து சென்று கையால் தொட்டுப் பார்க்கும் தொலைவில், விடைகள் நிற்கின்றன.

அந்த ஆயிரங்கால் மண்டபத்தையே எடுத்துக்கொள்வோம். 1569ஆம் ஆண்டளவில் அரியநாத முதலியார் எழுப்பிய அம்மண்டபத்தில் 985 தூண்கள் உள்ளன. கல் என்பது அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரண்டு தூண்களின் மேல் ஒரு கல் உத்திரத்தைக் கிடத்தினால், மேலே ஏறும் சுமையால் அதன் மேல்புறம் நெருக்கப்படுகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. இடைவெளி கூடக் கூட அந்த இழுவை பெருகி ஒரு நாள் அடிப்புறத்தில் விரிசல் காண்கிறது. ஆகவே கல் உத்திரத்தை நம்பியவர் எவராயினும் தூண்களை நெருக்கி வைத்தே தீர வேண்டும். எகிப்தில் கர்னாக் கோயிலின் பெருமண்டபத்தில், கி.மு. 13ஆம் நூற்றாண்டில், 134 மணற்கல் தூண்கள் ஒரு காடு போல எழுந்ததற்கும் இதே காரணம்தான். நடுவிலுள்ள பன்னிரண்டு தூண்கள் சுமார் 21 மீட்டர் உயரமானவை. அவற்றின் பருமனைப் பார்த்து மலைக்காதவர் இல்லை. பாரசீகத்தின் பெர்செபோலிசில் டேரியஸ் தொடங்கிய அபதானா மண்டபத்திலோ, 72 தூண்களே இருந்தன. அவை உயர்ந்து மெலிந்து, ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நின்றன. அங்கே கூரையைத் தாங்கியவை கல் உத்திரங்கள் அல்ல, தேவதாரு மரங்கள். மரம் இழுவையைத் தாங்கும். இந்த ஒரு வேறுபாட்டை மாணவர் உணர்ந்துவிட்டால், இரண்டு பேரரசுகளின் மண்டபங்களும் ஏன் வேறு வேறு தோற்றம் கொண்டன என்பதை மனப்பாடம் செய்யும் தேவை இராது.

போதிகைக்கு வருகிறேன். தூணின் தலையிலிருந்து இருபுறமும் கை நீட்டி உத்திரத்தை ஏந்தும் கல் அது. அதன் வேலை, உத்திரம் தாண்ட வேண்டிய இடைவெளியை இருபுறமும் சற்றே குறைப்பது. நாயக்கர் காலச் சிற்பிகள் இந்த எண்ணத்தை இன்னும் நீட்டித்தார்கள்; புது மண்டபத்திலும் கோயிலின் பிற மண்டபங்களிலும் தூணை விட்டு முன்னே பாயும் யாளிகளைக் கண்டு நாம் சிற்ப அழகை வியக்கிறோம், ஆனால் யாளித் தூணுக்கு மேலே அடுக்கடுக்காக முன்வந்து நடைபாதையின் அகலத்தைச் சுருக்கிக் கூரைக் கல்லை ஏந்தும் போதிகை வரிசையை அண்ணாந்து பார்ப்பவர் சிலரே. இதே சிந்தனையைச் சீனர்கள் மரத்தில் செய்தார்கள். தௌகொங் என்று அவர்கள் சொல்லும் தாங்கு கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் கோத்து, தூணிலிருந்து வெளியே விரிந்து இறவாரத்தைச் சுமக்கின்றன. 1056இல் கட்டப்பட்ட யிங்சியன் மரக் கோபுரம் 67 மீட்டர் உயரத்தில் இன்றும் நிற்கிறது. அதில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வகைத் தௌகொங்குகள் உள்ளன. ஒரு தச்சரும் ஒரு சிற்பியும், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே கேள்விக்கு ஒரே விடையை வேறு வேறு பொருளில் எழுதியிருக்கிறார்கள். இதைக் காட்டிலும் உலக வரலாறு வேறு என்ன இருக்க முடியும்?

இனி கிழக்குக் கோபுரத்திலிருந்து விளக்குத்தூண் வழியாகத் தெற்கே நடப்போம். ஒரு சந்துக்குள் பத்துத் தூண்கள், பழைய அரண்மனையின் எஞ்சிய பகுதியாக, தலையில் சுமை எதுவும் இன்றி நிற்கின்றன. அவற்றைக் கடந்து திருமலை நாயக்கர் மகாலுக்குள் நுழைந்தால், இருபது நிமிட நடையில் நாம் ஒரு கட்டுமான முறையிலிருந்து முற்றிலும் வேறொன்றுக்கு வந்துவிடுகிறோம். இங்கே உத்திரம் இல்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த வளைவுகளும் குவிமாடமும் உள்ளன. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது, இழுவைக்கே இடமில்லை. ஆகையால் சிறு சிறு செங்கற்களைக் கொண்டே பெரும் இடைவெளியைத் தாண்டிவிடலாம். ஆனால் வளைவு சும்மா இருப்பதில்லை. அது தன் கால்களை வெளிப்பக்கம் உதைத்துக்கொண்டே இருக்கிறது. மகாலின் தூண்கள் ஏன் அத்தனை பருமன் என்று கேட்கும் சுற்றுலாப் பயணிக்கு அரசனின் பெருமிதம் என்று விடை சொல்கிறார்கள். பெருமிதமும் இருக்கலாம், உதைப்பைத் தாங்கும் தேவையும் இருக்கிறது.

அந்த உதைப்புதான் கட்டடக்கலை வரலாற்றில் பாதி. ரோமில் கி.பி. 126 அளவில் முடிந்த பாந்தியனின் குவிமாடம் 43 மீட்டர் குறுக்களவு கொண்டது. அதற்குள் இரும்புக் கம்பி ஒன்றும் இல்லை. கட்டுநர்கள் கீழே கனமான கல்லைச் சேர்த்த கலவையையும், மேலே போகப் போக மிதக்கும் தன்மையுள்ள எரிமலைக் கல்லைச் சேர்த்த கலவையையும் இட்டு, உச்சியில் ஒரு வட்டத் திறப்பை விட்டுச் சுமையைக் குறைத்தார்கள். கான்ஸ்டான்டிநோபிளில் 537இல் முடிந்த ஹாகியா சோபியாவின் குவிமாடம் நிலநடுக்கங்களால் தளர்ந்து 558இல் விழுந்தது. அதை முன்னிலும் உயரமாக, உதைப்புக் குறையும்படி, மீண்டும் கட்டி 562இல் திறந்தார்கள். பிரான்சில் போவே நகரப் பேராலயத்தில் உயரத்தின் மேல் ஆசை வைத்து எழுப்பிய கல் வளைவுக் கூரை 1284இல் சரிந்தது. மாணவர்களுக்கு இந்த வீழ்ச்சிகளைச் சொல்லுங்கள். விழுந்த கட்டடத்தின் கதையைக் கேட்டவர், நிற்கும் கட்டடத்தின் முன் சற்று நேரம் கூடுதலாக நிற்பார்.

மகாலைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதை இத்தாலியக் கலைஞர் ஒருவர் வடிவமைத்தார் என்று வழிகாட்டிகளும் பயணக் குறிப்புகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்தக் கலைஞரின் பெயரைச் சொல்பவரை நான் கண்டதில்லை. மதுரை நாயக்கர்கள் விஜயநகர அரசின் ஆளுநர்களாக இருந்து வளர்ந்தவர்கள். 1565இல் விஜயநகரம் வீழ்வதற்கு முன்பே அங்கே தாமரை மகாலின் இதழ் வளைவுகளும் யானைக் கொட்டாரத்தின் குவிமாடங்களும் எழுந்துவிட்டன. தக்காணத்துச் சுல்தான்களின் நகரங்களில் வளைவு அன்றாடத் தொழிலாக இருந்தது. இவ்வளவு அருகில் வேர் இருக்கும்போது, தேடலை இத்தாலியிலிருந்து தொடங்குவது எதனால் என்ற கேள்வியை வகுப்பறையில் எழுப்ப வேண்டும். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் காரையே இல்லாமல் கல்லடுக்கி எழுப்பிய மாபெரும் ஜிம்பாப்வே என்ற பழைய நகரை ஆப்பிரிக்கர் கட்டியிருக்க முடியாது, மத்தியதரைக் கடற்கரையின் பண்டைய வணிகரான பினீசியர் கட்டியிருப்பார்கள் என்று குடியேற்ற ஆட்சியாளர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 1905இல் டேவிட் ராண்டல்-மெக்ஐவரும், பிறகு 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சன் அம்மையாரும் அகழ்ந்து ஆராய்ந்து அது அம்மண்ணின் மக்கள் கட்டியதே என்று நிறுவினார்கள். அந்த இடத்தின் பெயரையே 1980இல் விடுதலை பெற்ற நாடு தன் பெயராகக் கொண்டது. கட்டியவரின் பெயரை அழிப்பது உலகெங்கும் நடந்திருக்கிறது. நம் மாணவர்கள் அதை அறியாமல், தம் ஊரைப் பற்றியே அந்தக் கதையைத் திருப்பிச் சொல்வது எனக்கு வேதனை தருகிறது.

ஐரோப்பாவை முன்னே வைக்கும் பாட ஏட்டின் வரிசைமுறை எங்கிருந்து வந்தது என்பதையும் மாணவர்களுக்குச் சொல்லலாம். பானிஸ்டர் பிளெட்சர் என்ற ஒரே பெயர் கொண்ட தந்தையும் மகனும் 1896இல் இங்கிலாந்தில் வெளியிட்ட கட்டடக்கலை வரலாற்று நூல், பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக இருந்தது. அதன் 1901ஆம் ஆண்டுப் பதிப்பில் ஐரோப்பியப் பாணிகளை வரலாற்றுப் பாணிகள் என்றும், இந்திய, சீன, ஜப்பானிய, இசுலாமியக் கட்டடக்கலைகளை வரலாறு சாராப் பாணிகள் என்றும் பிரித்தார்கள். பின்னாளைய பதிப்புகளில் அந்தப் பெயர் கைவிடப்பட்டது. ஆனால் என் தம்பி மகளின் ஏட்டில் ஐரோப்பா முதல் பருவத்தில் கால வரிசையில் ஓடுகிறது, இந்தியா வேறொரு பருவத்தில் தனித் தீவாக வருகிறது, ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் வரவே இல்லை. அந்தப் பழைய பிரிவின் நிழல் இன்னும் அகலவில்லை.

ஒரு மாற்று வழியைச் சொல்கிறேன். மகால் கட்டப்பட்ட 1636ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் உலகைச் சுற்றி வாருங்கள். ஆக்ராவில் 1632இல் தொடங்கிய தாஜ் மகாலின் வேலை நடந்துகொண்டிருக்கிறது. பீஜப்பூரை முகம்மது அடில் ஷா ஆள்கிறார். அவருக்கென எழுந்த கோல் கும்பாஸ், உலகின் பெரிய குவிமாடங்களுள் ஒன்று. பாரசீகத்து இசுபகானின் ஷா மசூதியும் இதே காலத்தில் எழுந்ததுதான். ரோமின் புனித பேதுரு பேராலயம் புனிதப்படுத்தப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஜப்பானில் நிக்கோவின் தோஷோகு வழிபாட்டிடம் அதே 1636இல் முடிகிறது. அங்கே குவிமாடமும் இல்லை, கல் வளைவும் இல்லை, அரக்குப் பூசிய மரமே எல்லாம். ஏன் மற்ற ஊர்கள் எல்லாம் குவிமாடத்தை நாடின, நிக்கோ மட்டும் நாடவில்லை? நிலநடுக்கமா, மரவளமா, வழிபாட்டு முறையா? இந்தக் கேள்வியில் ஒரு பருவம் முழுவதும் செலவிடலாம்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்த மடலுக்கு அதுவும் ஒரு காரணம். இருபது ஆண்டுகளுக்கு முன், இம்மாவட்டத்தில் ஒரு பழைய சத்திரத்தைச் செப்பனிடும் பணி என்னிடம் வந்தது. உதிர்ந்துகொண்டிருந்த சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டுப் பூச்சு பூசச் செய்தேன். வலுவான பொருளால் பூசினால் சுவர் வலுவாகும் என்று உண்மையாகவே நம்பினேன். மூன்று மழைக்காலம் தாங்கவில்லை. அடித்தளத்திலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, பூச்சோடு செங்கல்லின் முகமும் சேர்ந்து பெயர்ந்து விழுந்தது. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும், சிமெண்டு விடாது. அதை என் தந்தையார் உயிரோடு இருந்திருந்தால் ஒரே சொல்லில் சொல்லியிருப்பார். பொறியியல் படித்த எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இருநூறு ஆண்டுக்கு மேல் நின்ற சுவர் என் கையால் கெட்டது.

சுண்ணாம்பின் வரலாற்றைத் தனியே ஒரு பாடமாக வைக்கத் தகும். சுண்ணாம்புக் கல்லைக் காளவாயில் 900 பாகை செல்சியசு அளவுக்குச் சுட்டு, நீரில் நீற்றி, மணலோடு அரைத்துப் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சி மறுபடியும் கல்லாகிறது. இந்த அடிப்படை எங்கும் ஒன்றே. அதோடு எதைச் சேர்த்தார்கள் என்பதில்தான் ஒவ்வொரு நாட்டின் கைப்பழக்கமும் தெரிகிறது. நம்மவர் கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள். பளபளப்புக்கு முட்டை வெண்கருவைக் கலந்தார்கள். ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சேர்த்து நீருக்கடியிலும் இறுகும் கலவையைப் பெற்றார்கள். சீனர் ஒட்டரிசிக் கஞ்சியைச் சேர்த்தார்கள். மொராக்கோவில் தாதெலாக்த் என்னும் பூச்சைச் சவர்க்காரத்தால் நனைத்து, வழவழப்பான கல்லால் தேய்த்து, நீர் புகாதபடி மெருகேற்றுகிறார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இந்த நான்கையும் குழைத்து, நான்கு சிறு சுவர்களில் பூசி, ஓர் ஆண்டு வெயிலிலும் மழையிலும் விட்டுப் பார்த்தால், அந்த மாணவர் எவரும் நான் செய்த தவற்றைச் செய்யமாட்டார்.

நகருக்கு வெளியேயும் பாடங்கள் இருக்கின்றன. மாங்குளம் மலையின் சமணர் குகைகளில், தமிழி எழுத்துகளுக்கு மேலே, பாறையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். பாறை வழியே வழியும் மழைநீர் உள்ளே படுத்திருப்பவர் மேல் விழாமல் அங்கேயே அறுபட்டுச் சொட்டிவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட அந்தச் சிறு வெட்டை நம் வட்டாரத்துக் கட்டடக்கலையின் முதல் வரி என்றே நான் கருதுகிறேன். யானைமலையில் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி நரசிங்கப் பெருமாளுக்குக் குடைவித்த கோயிலின் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. அங்கே பாறையை முன்னிருந்து குடைந்தார்கள். தெற்கே கழுகுமலையில் அதே நூற்றாண்டில் வெட்டுவான் கோயிலை மேலிருந்து கீழாக, உச்சிக் கலசத்திலிருந்து தொடங்கிச் செதுக்கினார்கள். அடிப்பகுதி முடியாமலே நின்றுவிட்டது. முடியாத அந்தக் கோயிலே வேலை நடந்த முறையைக் காட்டிக்கொடுக்கிறது. அதை எல்லோராவின் கைலாசநாதரோடும், எத்தியோப்பியாவின் லாலிபெலாவில் பாறைக்குள் கீழ்நோக்கி வெட்டி இறக்கிய பதினொரு தேவாலயங்களோடும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கீழடியைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. அங்குள்ள செங்கல் கட்டுமானங்களையும் உறைகிணறுகளையும் பெருமைக்காக மட்டும் காட்டாமல், வைகைக் கரையின் களிமண்ணில் வாழ்ந்தவர்கள் நீரை எப்படி எடுத்தார்கள், எப்படி வடித்தார்கள் என்று அளவெடுத்து வரையச் சொல்லுங்கள்.

பழமையைக் காப்பது என்றால் என்ன என்பதிலும் உலகம் ஒரே கருத்தில் இல்லை. ஜப்பானின் இசே வழிபாட்டிடத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புதிதாகக் கட்டிவிட்டுப் பழையதைக் கலைக்கிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். மாலி நாட்டின் ஜென்னே நகர மண் மசூதிக்கு ஆண்டுதோறும் ஊரே கூடி மண் பூசுகிறது. நம் கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துகிறோம். 2018 பிப்ரவரியில் மீனாட்சியம்மன் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்துக் கருங்கற்கள் வெடித்துச் சரிந்ததையும், அடுத்த ஆண்டு ஏப்ரலில் பாரீசின் நோத்ர தாம் பேராலயத்தின் ஓக் மரக்கூரை எரிந்ததையும் நம் மாணவர்கள் தொலைக்காட்சியில் பார்த்தவர்களே. பாரீசில் 2024 டிசம்பரில் பேராலயத்தை மீண்டும் திறந்துவிட்டார்கள். கருங்கல் ஏன் தீயில் வெடிக்கிறது, மரம் எரிந்தும் கல் வளைவின் பெரும்பகுதி எப்படி நின்றது, புதிதாக வைக்கும் கல்லைப் பழையது போலவே செதுக்க வேண்டுமா என்பவை இரண்டு ஊருக்கும் பொதுவான கேள்விகள்.

ஆகவே தங்களிடம் கேட்பவை இவை. முதல் பருவத்தின் வரலாற்று வகுப்பில் முதல் நான்கு வாரங்களைக் கோயிலுக்கும் மகாலுக்கும் இடையிலான அந்த இருபது நிமிட நடைக்கு ஒதுக்குங்கள்; மாணவர்கள் நூலும் அளவுகோலும் கொண்டு தூண் இடைவெளியை அளந்து வரையட்டும், பிறகு கர்னாக்கின் படத்தைத் திறக்கட்டும். ஸ்தபதி ஒருவரையும் சுண்ணாம்பு வேலை அறிந்த மூத்த கொத்தனார் ஒருவரையும் ஊதியத்தோடும் ஆசிரியர் என்ற மதிப்போடும் வகுப்புக்கு அழையுங்கள். அந்தக் கொத்தனார்களில் பலர் எழுபதைக் கடந்துவிட்டார்கள். தேர்வுத்தாளில் "உறுப்புகளை விவரி" என்ற கேள்விக்குப் பக்கத்தில் "ஏன்" என்று தொடங்கும் கேள்வி ஒன்றாவது இடம்பெறட்டும்.

தங்களுள் எவரேனும் மாணவர்களோடு வருவதானால், காலை ஆறரை மணிக்குக் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, புது மண்டபத்தின் வாசலில் நான் காத்திருப்பேன். என் தந்தையாரின் மட்டக்கோலும் தூக்குக்குண்டும் என்னிடம் இருக்கின்றன, அவற்றையும் கொண்டுவருகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
செல்லூர், மதுரை.